இரண்டு வாயா, ஒரு வயிறா

பாடாங் செராய் கடைத்தெருவில், முகம்மது ஹனீபாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு தட்டெழுத்துப் பள்ளி இருந்தது. கீழே ரொட்டி சானாய் மாவை மேசையில் ஓங்கி அறைகிற சத்தம். மேலே டைப்ரைட்டர்கள் சடசடக்கிற சத்தம். ஒரு வரி முடிந்து 'டிங்' என்று மணி அடித்தால், கீழே புதிதாகச் சாப்பிட வந்தவர்கள் யாரோ தங்களைக் கூப்பிடுவதாக நினைத்து நிமிர்ந்து பார்ப்பார்கள். பழைய ஆட்கள் பார்க்க மாட்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது.

பள்ளியை நடத்தியவள் அகத்தா. இருபத்தொன்பது வயது. பள்ளியைத் தொடங்கியவர் அவள் அப்பா அந்தோணிதாஸ். பக்கத்து எஸ்டேட்டில் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சன்னலோரத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு கண் பேப்பரில், ஒரு கண் மகள் மேல். அகத்தாவுக்கு அம்மா இல்லை. அதனால் அம்மா பார்க்க வேண்டிய பார்வையையும் சேர்த்து அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தேழாம் வருஷத்தின் நடுவில் அகத்தா ஒரு முடிவு செய்தாள். அவளிடம் படித்து முடித்த பெண்கள் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் வேலை கேட்டுப் போனால், "டைப்பிங் சரி, கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகள் திரும்பி வந்து அவள் முன்னால் அதே கேள்வியை வைத்தார்கள். வருகிற ஜனவரி வகுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட வேண்டும். பாடாங் செராயில் முதல் கம்ப்யூட்டர் வகுப்பு அவளுடையதாக இருக்க வேண்டும்.

அந்த முடிவைத் தொடர்ந்து வந்தவன்தான் மோரிஸ்.

சுங்கை பட்டாணியில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கம்ப்யூட்டர் கடையில் அவனுக்கு விற்பனை வேலை. ஒல்லியான உடம்பு, நீளமான கை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்குரூ டிரைவர். கடை வேனில் ஒரு காட்சி மெஷினைக் கொண்டுவந்து மாடியேற்றி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, விஷயத்தை விளக்கினான்.

"டீச்சர், கம்ப்யூட்டர் எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். எழுதினத எங்க வைக்கிறோம்ங்கிறதுலதான் வித்தியாசம். ஒரு வகை, முன்னால ரெண்டு பிளாப்பி டிரைவ். ஒண்ணுல புரோகிராம் தட்டு, இன்னொண்ணுல உங்க பாடம் இருக்கிற தட்டு. இன்னொரு வகை, முன்னால ஒரே ஒரு பிளாப்பி டிரைவ், உள்ளுக்குள்ள ஹார்ட் டிஸ்க். எல்லாம் உள்ளயே தங்கிடும். விலை கொஞ்சம் கூட. இந்த மெஷின்ல மூணுமே இருக்கு. ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாத்துட்டு, எது வேணும்னு சொல்லுங்க. அத ஆர்டர் போட்டுடலாம்."

புது மெஷினைப் பார்க்கத் தேநீர்க் கோப்பையோடு மேலே வந்திருந்த ஹனீபா, மெஷினின் முகத்தில் இருந்த இரண்டு நீளப் பிளவுகளையும் குனிந்து பார்த்தார்.

"அப்ப இது ரெண்டு வாய். அது ஒரு வாய், ஒரு வயிறு. அப்படித்தானே தம்பி?"

"அப்படியும் சொல்லலாம் அண்ணே."

ஹனீபா கீழே இறங்கிப் போய் அப்படியே சொன்னார். ஒரு வாரத்துக்குள் சாப்பாட்டுக் கடையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ரெண்டு வாய்க் கட்சிக்குத் தலைவர் டாக்சி ஓட்டும் முனியாண்டி. "ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கும் லா. நான் ஸ்பேர் டயர் இல்லாம பட்டர்வொர்த் போவேனா?" என்பது அவர் வாதம். வயிற்றுக் கட்சிக்குத் தலைவி ஹனீபாவின் மனைவி ஜைனப். கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு கேள்வியில் முனியாண்டியை மடக்கிவிடுவாள். "வாய் எத்தன இருந்து என்ன அண்ணே? வயிறு இல்லேன்னா தின்னது எங்க போகும்?" இரண்டு பேருமே கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்ததில்லை.

மேலே அகத்தாவின் நிலைமை வேறு.

வகுப்பு இல்லாத நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் மோரிஸ் வருவான். காலையில் அவனுடைய ஹோண்டா மோட்டார்சைக்கிள் சத்தம் கடைத்தெருவுக்குள் நுழையும்போதே அகத்தா தலைமுடியைச் சரிசெய்துகொள்வாள். பிறகு, சரிசெய்தது தெரியாமல் இருக்கக் கொஞ்சம் கலைத்துவிடுவாள். அவன் மெஷினை ஓட்டிக் காட்டுவான். பத்து விரலும் பறக்கத் தட்டுகிற பெண்களையே பார்த்துப் பழகிய அவளுக்கு, இரண்டே விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற அந்த ஆளைப் பார்க்கச் சிரிப்பு வரும்.

"இவ்ளோ பெரிய மெஷின விக்கிறீங்க. ஒழுங்கா டைப் அடிக்கத் தெரியலையே."

"அதுக்குத்தான் டீச்சர்கிட்ட வர்றேன்" என்பான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று காது சிவக்க மெஷினின் பின்பக்கம் போய் ஏதோ ஒரு ஒயரைச் சரிபார்ப்பான்.

எது வேண்டும் என்பது அகத்தாவுக்கு இரண்டாவது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. மெஷினோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தாள். ஹார்ட் டிஸ்க்தான். ஒரு வகுப்புப் பெண்கள் அத்தனை பேரும் மாற்றி மாற்றித் தட்டுகளைக் கையாண்டால் தட்டு தாங்காது. இது விளங்க ஒரு நாள் போதும்.

ஆனால் "ஹார்ட் டிஸ்க்" என்று சொன்னால் என்ன ஆகும்? அவன் ஆர்டர் போடுவான். புது மெஷின் வரும். காட்சி மெஷின் போகும். அதோடு ஹோண்டாவும் போகும். வேலை முடிந்த இடத்துக்கு விற்பனைக்காரன் எதற்கு வரப்போகிறான்? அவனாக ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று காத்திருந்தாள். அவன் விலை சொன்னான், வாரண்டி சொன்னான், மின்சாரச் செலவு சொன்னான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவள் முதலில் சொல்வது என்பது, கிராணியார் மகள் கனவில்கூடச் செய்யாத காரியம். அதனால் அவள் கேள்வி கேட்டாள்.

"வயித்துக்குள்ள வெச்சது, கரண்டு போனா காணாமப் போயிடுமா?"

"நல்ல கேள்வி டீச்சர். தவுக்கேகிட்ட கேட்டு அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை: "போகாதாம்."

"சரி. மழைக்காலத்துல ஈரம் ஏறுமே, ரெண்டு டிரைவ்ல எது முதல்ல பூஞ்சை பிடிக்கும்?"

"அட, இத நான் யோசிக்கவே இல்ல. கேட்டுட்டு வர்றேன்."

எலி கேபிளைக் கடித்தால்? இடி இடித்தால்? கீழே ஹனீபா அண்ணன் கடைக் குழம்பு வாசனை ஏறினால்? ஒவ்வொன்றுக்கும் அவன் தலையைச் சொறிந்து, கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி, சொன்னபடி வந்தான். இவ்வளவு தெரியாத ஆளை அந்தத் தவுக்கே எப்படி வேலைக்கு வைத்திருக்கிறார் என்று அகத்தாவுக்குச் சில சமயம் பாவமாகக்கூட இருந்தது. அவன் வேலைக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதே என்று, புத்தகத்தில் படித்த சில விடைகளைப் பேச்சுவாக்கில் அவனுக்கே எடுத்துக் கொடுத்தாள்.

அந்தோணிதாஸ் ஒரு நாள் பேப்பரைத் தாழ்த்தினார்.

"அகத்தா, கல்யாண வீட்டுக்குச் சேலை எடுக்கப் போனா அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டு வர்ற பொண்ணு நீ. இதுக்கு என்ன மூணு மாசமா?"

"சேலையில எலி பிரச்சினை இல்ல அப்பா."

"ம்" என்றார் அப்பா. பேப்பர் மேலே போனது. "தம்பி எந்த சர்ச்?"

"மெதடிஸ்டாம்."

"ம்" என்றது பேப்பர். கத்தோலிக்கப் பேப்பர் அது. ஆனால் அந்த 'ம்'மில் கோபம் இல்லை.

அக்டோபர் பிறந்தது. சரஸ்வதி பூசை வந்தது.

அந்தப் பள்ளியில் அது பழைய வழக்கம். பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் எஸ்டேட் பிள்ளைகள். லயத்து வீடுகளில் ரப்பர் பால்வாளிக்கும் மரம் சீவும் உளிக்கத்திக்கும் பொட்டு வைத்துக் கும்பிடுகிற வீட்டிலிருந்து வருகிறவர்கள். பள்ளி தொடங்கிய வருஷமே, "ஐயா, மெஷினுக்குப் பூசை போடலாமா?" என்று அந்தோணிதாசிடம் கேட்டார்கள். எஸ்டேட் ஆபீசில் இருந்தபோது லாரிக்கும் ரப்பர் உருளைக்கும் பூசை நடந்து பொரிகடலை வாங்கித் தின்ற மனிதர் அவர். "போடுங்க, எனக்கு ஒரு பொட்டலம் குடுத்துடுங்க" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் டைப்ரைட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. பூசை போட்ட மெஷினை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்பதும் வழக்கம். அதை அகத்தாவும் மதித்தாள். வருஷத்தில் ஒரு நாள் டைப்ரைட்டர்களும் ஓய்வெடுக்கட்டுமே.

அந்த வருஷம் பூசை ஒரு வியாழக்கிழமை விழுந்தது. சாயந்திரம் அவளுக்கு மாதா கோயிலில் செபமாலை இருந்தது. பிள்ளைகளின் தலைவி அழகம்மாவைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்துக்கும் வெச்சுடு. புதுசையும் விட்டுடாத. பாவம், அதுக்கு இது முதல் பூசை."

திரும்பி வந்தபோது பார்க்கவே அழகாக இருந்தது. டைப்ரைட்டர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் பொட்டு. நடுவில் கம்ப்யூட்டர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரையைச் சுற்றி மாலையோடு. ஊதுவத்தி வாசனை. அகத்தா ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டு, எதையும் தொடாமல் கதவைப் பூட்டினாள்.

மறுநாள் மோரிஸ் வந்த விதமே சரியில்லை. ஹோண்டா மெதுவாக வந்தது. படியேறிய கால்கள் கனத்திருந்தன.

"டீச்சர், தவுக்கே கோவமா இருக்காரு. இன்னிக்கி முடிவு சொல்லியாகணுமாம். இல்லேன்னா சாயந்திரம் வேன் வந்து மெஷின தூக்கிட்டுப் போயிடுமாம். என்னையும் இனி இந்தப் பக்கம் அனுப்ப மாட்டாராம். அலோர் ஸ்டார் பக்கம் பாக்கச் சொல்லிட்டாரு."

அகத்தா புதுக் கேள்வி ஒன்று தயாராக வைத்திருந்தாள், எறும்பைப் பற்றி. அதைக் கேட்காமல் மெஷினைப் பார்த்தாள்.

"கடைசியா ஒரு தடவ ரெண்டையும் ஓட்டிப் பாத்துடுங்க" என்று சொல்லி, மாலையைப் பக்குவமாக எடுத்து வைத்துவிட்டு, மோரிஸ் சுவிட்சைப் போட்டான்.

மெஷின் ஒரு முறை உறுமியது. பிறகு அதன் உள்ளேயிருந்து, தகரக் கூரையில் யாரோ பலகையை வைத்து இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மோரிஸ் பதறிப்போய் அணைத்தான். முதல் டிரைவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தான்.

பிளாப்பித் தட்டு என்பது கறுப்பு உறைக்குள் இருக்கிற மெல்லிய வட்டம். உறையின் ஓரத்தில் நீள்வட்டமாக ஒரு திறப்பு. அதன் வழியாகத்தான் மெஷின் தட்டைப் படிக்கும். அந்தத் திறப்பில் விரல் படக்கூடாது, தூசி படக்கூடாது என்று மோரிஸ் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது அந்தத் திறப்பின் நட்டநடுவில், இரவெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனமும் அதன் மேல் அழகான வட்டக் குங்குமமும் இருந்தன.

இரண்டாவது டிரைவைத் திறந்தான். அதே சந்தனம், அதே குங்குமம். கூடவே, நசுங்கிய ஒரு செம்பருத்தி இதழ்.

பொரிகடலைத் தட்டை எடுத்துப்போக வந்த அழகம்மா வாசலில் நின்றாள்.

"அழகம்மா! இது உள்ள எப்படி வந்துச்சு?"

"நாந்தான் வெச்சேன் டீச்சர். தட்டெல்லாம் வரிசையா வெச்சுப் பொட்டு வெச்சு, பூசை முடிஞ்சதும் தூசி படக்கூடாதுன்னு ரெண்ட உள்ள போட்டுட்டேன். நீங்கதான தூசி படக்கூடாதுன்னு சொன்னீங்க?"

"பொட்டு ஏம்மா சரியா அந்த எடத்துல வெச்ச? உறை மேல வெச்சிருக்கலாமே?"

அழகம்மா டீச்சரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"உறை அதுக்குச் சட்டை டீச்சர். சட்டை மேலயா பொட்டு வெப்பாங்க? அந்த ஒரு எடந்தான் திறந்திருந்துச்சு. அதான் நெத்தின்னு நெனச்சேன்."

சன்னலோரத்தில் பேப்பர் குலுங்கியது. அப்பா சிரிக்கிறார். மோரிசுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்திருந்தது. காட்சி மெஷின் கடைச் சொத்து. மாலை வேன் வரும்.

"எல்லாத் தட்டுக்கும் வெச்சியா?" என்று அகத்தா கேட்டாள்.

"ஒண்ணுகூட விடல டீச்சர்" என்றாள் அழகம்மா, கொஞ்சம் பெருமையோடு. அந்தப் பெருமைக்கு இது நேரமில்லை என்று உடனே புரிந்து, பொரிகடலைத் தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஜனவரி வகுப்புக்கென்று அகத்தா எழுதிய பாடங்கள் எல்லாம் அந்தத் தட்டுகளில்தான் இருந்தன. ஆனால் போன மாதம் 'வயிற்றை' ஓட்டிப் பார்த்தபோது ஒரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருந்தாள். இருவரும் டிரைவ்களின் முன்னால் குந்திக்கொண்டார்கள். எதிரே இருந்த கிளினிக்கிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வந்தன. மோரிஸ் ஸ்குரூ டிரைவரால் மூடியைக் கழற்றினான். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, குழந்தைக்குக் காது துடைப்பது போல மெஷினின் வாயைத் துடைத்தான். அகத்தா டார்ச் அடித்தாள். தலைகள் இவ்வளவு பக்கத்தில் இதற்கு முன் வந்ததில்லை. சந்தன வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து வந்தது. இதுதான் கடைசி வெள்ளிக்கிழமை என்று நினைத்ததும் அவள் கையிலிருந்த டார்ச் ஒரு கணம் தரையைப் பார்த்தது.

"வெளிச்சம், டீச்சர்."

"ம்."

அந்த நேரம் பார்த்துப் படியில் ஹனீபாவின் மூச்சு கேட்டது. ஆள் பிறகு வந்தார். கடைத்தெருவில் போன் இருந்தது அவர் கடையில்தான்.

"மோரிஸ் தம்பி, உங்க தவுக்கே போன் பண்ணாரு. நீ வேலையா இருக்கன்னு நானே பேசிட்டேன். அடேயப்பா, என்னா கோவம்!" ஹனீபா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். "அவரு கேக்கிறாரு, குருண் அரிசி ஆலைக்கு இவன் கால் மணி நேரத்துல வித்தானே, மெர்போக்ல ஒரு கிளினிக்குக்கு நின்ன நெலையில வித்தானே, பாடாங் செராய்ல மட்டும் என்னா மூணு மாசம்னு. 'என் கடையிலயே கம்ப்யூட்டர் பத்தி இவனுக்குத் தெரிஞ்ச அளவு யாருக்கும் தெரியாது, என்கிட்ட இவன் ஒரு சந்தேகம் கேட்டதே கெடையாது'ங்கிறாரு."

கீழே ரொட்டி மாவு ஒரு முறை மேசையில் அறைபட்டது.

மோரிஸ் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு மெஷினுக்குள் தலையை இன்னும் ஆழமாக விட்டான். வெளியே தெரிந்த காதுகள் இரண்டும் செம்பருத்தி நிறத்தில் இருந்தன.

"ஒரு சந்தேகமும் கேட்டதில்லையா?" என்றாள் அகத்தா மெதுவாக. "எலி விஷயம்?"

மெஷினுக்குள் பஞ்சுக் குச்சி இன்னும் வேகமாகத் துடைத்தது.

"பூஞ்சை?"

"பூஞ்சை பிடிக்காது டீச்சர்" என்றது மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

அகத்தாவுக்குள் என்னென்னவோ ஒரே நேரத்தில் நடந்தது. மூன்று மாதமாக இந்த ஆளுக்காகப் பாவப்பட்டு விடை எடுத்துக் கொடுத்தோமே என்ற வெட்கம். அவன் எல்லாம் தெரிந்துகொண்டே தலையைச் சொறிந்தானே என்ற சிரிப்பு. இரண்டுக்கும் அடியில், வெள்ளிக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டுமில்லை என்கிற ஒரு நிம்மதி.

"அப்ப முடிவு என்னான்னு தவுக்கேக்கு நான் என்னா சொல்ல?" என்றார் ஹனீபா, ஒன்றுமே தெரியாத முகத்தோடு. "கீழ முனியாண்டியும் கேக்கிறான்."

"இருங்க அண்ணே, மெஷின் சொல்லட்டும்" என்றாள் அகத்தா.

மோரிஸ் மூடியை மாட்டினான். பையிலிருந்து ஒரு புதுத் தட்டை எடுத்து முதல் டிரைவில் போட்டுச் சுவிட்சைப் போட்டான். ஒரு முனகல், ஒரு சிவப்பு விளக்கு, பிறகு ஒழுங்கான சத்தம். முதல் வாய் பிழைத்துக்கொண்டது. இரண்டாவதில் போட்டான். விளக்கு எரிந்தது, அணைந்தது. மறுபடி போட்டான். அசைவே இல்லை. செம்பருத்தி இதழ் அதன் கதையை முடித்துவிட்டிருந்தது. கடைசியாக ஹார்ட் டிஸ்க். பெட்டிக்குள் இருந்ததால் அதற்கு நெற்றி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, பொட்டுக்குத் தப்பிவிட்டது. அகத்தாவின் பாடங்கள் ஒரு வரி குறையாமல் திரையில் வந்து நின்றன.

"ஒரு வாய், ஒரு வயிறு" என்றார் ஹனீபா. "மெஷினே முடிவு பண்ணிடுச்சு! ஜைனப்!" படியைப் பார்த்துக் கத்தினார். "நீதான் ஜெயிச்ச!"

கீழே கல்லாவிலிருந்து ஒரு கூவல். முனியாண்டியின் குரல் ஏதோ ஆட்சேபித்தது.

"தவுக்கேகிட்ட சொல்லிடுங்க அண்ணே" என்றாள் அகத்தா. "புது மெஷின் வேணாம். இதையே எடுத்துக்கிறேன். கெட்டுப்போன வாயோடயே. அந்த வாய் எங்க பூசையில போனது. நான்தான் புதுசையும் விடாதன்னு சொன்னேன். அதுக்கு மோரிஸ் பொறுப்பில்ல."

மோரிஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஹனீபா இன்னும் பெஞ்சில் இருந்தார். வாயை மூடிக்கொண்டான். ஹனீபாவும் புரிந்துகொண்டவர் போல முழங்காலைப் பிடித்து எழுந்து, நல்ல செய்தியைத் தாமே முதலில் சொல்லும் ஆசையில் வேகமாக இறங்கிப்போனார்.

மோரிஸ் சாமான்களை எடுத்து வைத்தான். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டான். வெளியே எடுத்தான். மறுபடி போட்டான்.

"அப்ப... வேலை முடிஞ்சிருச்சு டீச்சர். ஹார்ட் டிஸ்க் நல்லா ஓடும். அதுக்கு ஆளே தேவையில்ல. நான் அடிக்கடி வந்து பாக்கணும்னு இல்ல."

மூன்று மாதம் அவள் பயந்த வாக்கியம் அதுதான். ஆனால் இப்போது அகத்தாவுக்குப் பயம் வரவில்லை. அலமாரியைத் திறந்தாள். தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தாள். இரண்டாவது வாரத்திலேயே பேப்பர்த் துண்டு வைத்து அடையாளம் பண்ணிய பக்கத்தைப் பிரித்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. கடைசிக் கேள்வி. வயித்துக்கே ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

மோரிஸ் தயங்கினான். "நகல் எடுத்து வெச்சுக்கணும் டீச்சர்."

"எதுல?"

"பிளாப்பியில."

"ஹார்ட் டிஸ்க் நெறஞ்சிருந்தா எத்தன பிளாப்பி?"

"அது வந்து... அம்பது இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கும்."

"அத்தனையும் இந்த ஒத்த வாயில ஒண்ணொண்ணா போட்டு, எடுத்து, நம்பர் எழுதி, அடுத்ததப் போட்டு. ஒரு மத்தியானம் பூராவும் போயிடும். இல்லையா?"

"போயிடும்."

"இத மூணு மாசமா நீங்க சொல்லவே இல்லையே."

"சொன்னா ஹார்ட் டிஸ்க் யாரும் வாங்க மாட்டாங்க டீச்சர்" என்றான் மோரிஸ், திருடியவன் போல. "எல்லா ஊர்லயும் அத மட்டும் நாங்க மெல்ல முழுங்கிடுவோம்."

"வாரா வாரம் எடுக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கு. தனியா உக்காந்து நான் எப்படிச் செய்யிறது? ஒருத்தர் தட்டு மாத்தணும், ஒருத்தர் நம்பர் எழுதணும்."

இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு அகத்தா காத்திருந்தாள். கிராணியார் மகளால் இதற்கு மேல் ஒரு அங்குலம்கூடத் திறக்க முடியாது. மோரிஸ் நெற்றியைச் சுருக்கினான். அவன் நேர்மையான விற்பனைக்காரன். அதுதான் வம்பாகிப்போனது.

"ஆனா டீச்சர், உங்க பாடம் எல்லாம் சேத்தா ஒரே ஒரு பிளாப்பியில அடங்கிடுமே. மொத்த டிஸ்க்கையும் எடுக்கணும்னு அவசியமில்ல. ஒரு நிமிஷத்துல நீங்களே..."

பேப்பர் தாழ்ந்தது. முழுசாக, மடிக்கு. அந்த மூன்று மாதத்தில் முதல் முறையாக அந்தோணிதாசின் இரண்டு கண்களும் மோரிஸ் மேல் இருந்தன.

"தம்பி."

"சொல்லுங்க அங்கிள்."

"அவ சொல்றத கேட்டுக்க லா."

மோரிஸ் அவரைப் பார்த்தான். அகத்தாவைப் பார்த்தான். அவள் மிகுந்த கவனத்தோடு புத்தகத்தின் அட்டையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹார்ட் டிஸ்க் மெதுவாகச் சுழலத் தொடங்குவது போல, அவன் முகத்தில் ஏதோ ஒன்று மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, கடைசியில் பல்லெல்லாம் தெரிந்தது.

"ஒரு மத்தியானம் பத்தாது" என்றான். "ஒரு நாள் பூரா ஆகும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்துடறேன். அலோர் ஸ்டார்ல இருந்தாலும் வந்துடறேன்." ஒரு படி அருகே வந்தான். ஸ்குரூ டிரைவர் கையில் சுழன்றது. "வெள்ளிக்கிழமை மட்டும்தான் வரணுமா டீச்சர்?"

"டீச்சர்னு கூப்பிடறவங்க வெள்ளிக்கிழமை மட்டும் வரலாம்."

மோரிஸ் ஒரு நிமிஷம் யோசித்தான். எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிறவன் அல்லவா, முதல் எழுத்தைக் கண்டுபிடிக்க நேரமானது.

"அகத்தா" என்றான்.

"ம்."

"எனக்கு உங்கள... அங்கிள், நான் இத உங்ககிட்டதான் முதல்ல கேக்கணும். வீட்ல இருந்து பெரியவங்கள கூட்டிட்டு வரலாமா?"

"கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு" என்றார் அந்தோணிதாஸ், பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டே. "நீ மெதடிஸ்ட், இவ கத்தோலிக்கு. ஞாயித்துக்கிழம எந்தக் கோயிலுக்குப் போறதுன்னு முடிவு பண்ண இன்னொரு மூணு மாசம் எடுத்துக்காதீங்க. எனக்கு வயசாகுது."

படியில் காலடி. ஹனீபா இரண்டு கைகளிலும் தே தாரிக் டீ கிளாஸ்களோடு, வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இருமிக்கொண்டே வந்தார். அவர் வருகிறார் என்பது தெரியட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். பின்னாலேயே அழகம்மா எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், அடுத்த வருஷம் இதுக்கு எங்க பொட்டு வெக்கிறது?"

அகத்தா புதுத் தட்டு ஒன்றைப் பிரித்து, கறுப்பு உறையைத் தட்டிக் காட்டினாள்.

"சட்டை மேல" என்றாள். "இதுங்க ஊர்ல அப்படித்தான் வெப்பாங்க."

பிறகு அந்தத் தட்டில் '1' என்று எழுதி மோரிசிடம் நீட்டினாள். அவன் வாங்கி, அவசரமே படாமல், டிரைவின் வாயில் வைத்தான்.